முதலில் கண்ணாடி, அப்புறம் களிம்பு

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

ஆண்களின் அந்தரங்கப் பகுதியில் வரும் அரிப்பு, எரிச்சல், புண் பற்றிச் சேலம், ஏற்காடு, ஆத்தூர் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பெயர் போட வேண்டாமென்று எல்லாருமே கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

ஒரு குறிப்பு. அநேகமாக எல்லாக் கடிதத்திலும் "அரிப்பு" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. எங்கே என்பது இல்லை. தொடை மடிப்பில் வருவது ஒரு நோய், விதைப்பையில் வருவது வேறு, மொட்டில், அதாவது ஆணுறுப்பின் நுனியில், வருவது இன்னொன்று. நல்ல வெளிச்சத்தில் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்து, ஒருமுறை பாருங்கள். ஓரம் எப்படி இருக்கிறது, விதைப்பை தப்பியிருக்கிறதா, முன்தோலுக்கு அடியில் என்ன நிறம் என்று பார்த்துவிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

விசைத்தறி ஓட்டுகிறேன், வயது 34. இரண்டு வருடமாகக் கவட்டையில் வண்டுகடி. மெடிக்கலில் கொடுத்த ஆயின்ட்மென்ட் போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது. விட்டால் முன்னைவிட அகலமாக வருகிறது. இப்போது விதைப்பை முழுக்கச் சிவந்து, மிளகாய்ப்பொடி பட்டது மாதிரி காந்துகிறது. உடம்புச் சூடுதானே இது? – அம்மாப்பேட்டை வாசகர்

உடம்புச் சூடு இல்லை. உங்களுக்கு இருப்பது இரண்டு தொல்லைகள். ஒன்று பூஞ்சை கொடுத்தது. மற்றொன்று அந்த ட்யூப் கொடுத்தது.

வண்டுகடி என்று நாம் சொல்லும் படர்தாமரையில் வண்டுக்கு வேலையே இல்லை. தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை அது. ஓரம் சற்று மேடாக, சிவப்பாக, செதில் விட்டு வட்டமாக நகரும். நடுப்பகுதி கறுத்து, ஆறினது போலத் தோன்றும். வழக்கமாக அது விதைப்பையை விட்டுவிட்டுத் தொடையிலும் பிட்டத்திலும்தான் படரும். தறிக்கூடத்தின் ஈரக்காற்று நூலுக்கு நல்லது, தொடை இடுக்குக்கு ஆகாது.

இப்போது அந்த ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். கிளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. இந்தக் கலவைக் களிம்புகளில் பூஞ்சை மருந்து கொஞ்சம், பாக்டீரியா மருந்து கொஞ்சம், கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று இருக்கும். சிவப்பும் அரிப்பும் பூஞ்சையோடு உடம்பு போடும் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, குரைப்புச் சத்தம் இல்லை, அதனால் திருடன் போய்விட்டான் என்று நினைப்பது மாதிரி. இரண்டு நாள் நிம்மதி, அடியில் பூஞ்சை தாராளமாக மேய்கிறது. 2018-லேயே மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் வாய்வார்த்தையாகக் கேட்டாலே கிடைக்கிறது.

விதைப்பைத் தோல் மற்ற இடத்துத் தோல் போல இல்லை. மிக மெல்லியது. முன்கையில் தடவிய ஹைட்ரோகார்ட்டிசோன் எவ்வளவு உள்ளே போகிறதோ, அதைவிடச் சுமார் 40 மடங்கு விதைப்பையில் போகிறது என்று 1967-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் வீரியமான ஸ்டீராய்டு பட்டால் அந்தத் தோல் அதற்கே பழகிவிடும். நிறுத்தினால் நீங்கள் எழுதியிருக்கும் அதே காந்தல். தொடை மடிப்பில் பிரசவத் தழும்பு போன்ற வரிகளும் விழும். வரி விழுந்தால் விழுந்ததுதான், மங்குமே தவிர மறையாது.

என்ன செய்யலாம்? தோல் மருத்துவரிடம் போய் அந்த ட்யூபை மேஜையில் வையுங்கள். ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். சில நிமிட வேலைதான். ஸ்டீராய்டு ட்யூபை நிறுத்திய முதல் சில வாரம் காந்தல் கூடும். பயந்துபோய்ப் பழைய ட்யூபுக்குத் திரும்பினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

பூஞ்சைக் களிம்பு தடவும் அளவில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். இரண்டு தொடைக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு ஒரு கிராம், காலை மாலை இரண்டு கிராம். அப்படியானால் 15 கிராம் ட்யூப் ஒரு வாரம்தான் வரும். ஒரே ட்யூப் இரண்டு மாதம் வருகிறதென்றால் நீங்கள் தடவவில்லை, தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலிலும் தடவ வேண்டும், ஏனென்றால் பூஞ்சை அங்கே ஏற்கெனவே போயிருக்கும். கண்ணுக்கு மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக் கூடாது. இரண்டு வருடம் ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை களிம்புக்கு மட்டும் அடங்குவது அபூர்வம். மாத்திரையும் வாரக்கணக்கில் வேண்டியிருக்கும். டெர்பினஃபின் என்ற பூஞ்சை மருந்து பல சமயம் வேலை செய்யாத பூஞ்சை ஒன்று நம் நாட்டில் பரவியிருக்கிறது. டிரைக்கோஃபைட்டான் இண்டோடீனியே என்று 2020-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதனால் பக்கத்துத் தறிக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று எண்ண வேண்டாம். இட்ராகோனசோல் கேப்சூல் எழுதிக் கொடுத்தால் சாப்பாடு முடிந்ததும் போடுங்கள், வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் சொல்லிவிட வேண்டும், அது கேப்சூலைக் கரையவிடாது.

கடைசியாக அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறு வியர்வையில் ஊறிப் பூஞ்சைக்குத் தொட்டிலாகிவிடும். அறுத்துப் போடுங்கள். சாங்கியம் விட மனமில்லையென்றால் வெள்ளிக் கொடி போட்டுக்கொள்ளுங்கள், அதைக் கழுவித் துடைக்கவாவது முடியும். வெள்ளிக்கு நம் ஊரில் பஞ்சமா? ஜட்டியையும் லுங்கியையும் வீட்டார் துணியோடு ஊறவைக்காமல் தனியே சுடுநீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போடுங்கள். தையல் ஓரங்களில் இஸ்திரி போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும்.

சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில் தொட்டி வேலை. காலில் சேத்துப்புண், கவட்டையிலும் அரிப்பு. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? – ஆத்தூர் வாசகர்

உண்டு. பல சமயம் விரலிடுக்கில் இருக்கும் பூஞ்சைதான் மேலே ஏறுகிறது. ஏறும் வழி ஜட்டி. அழுகின விரலில் உரசிக்கொண்டே அதைக் கவட்டை வரை இழுக்கிறோம். அதனால் முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி. சாக்ஸ் போடும் வழக்கமில்லாதவர் பாதத்தைத் துடைத்து, காலை ஒரு பாலித்தீன் பையில் நுழைத்துக்கொண்டு ஜட்டி மாட்டலாம். காலுக்கும் கவட்டைக்கும் ஒரே துண்டு கூடாது. இரண்டு இடத்துக்கும் ஒன்றாக மருந்து போடுங்கள். ஒன்றை மட்டும் ஆற்றினால் மற்றதிலிருந்து திரும்ப வரும்.

நாளெல்லாம் நனைந்த அரைக்கால் சட்டையோடு நிற்கிறவர்களுக்கு இன்னொன்றும் வரும். மடிப்பு ஆழத்தில் பச்சைப் புண் போல ஈரச் சிவப்பு, சுற்றிலும் பொட்டுப் பொட்டாகச் சின்னக் கொப்புளம், விதைப்பையும் சேர்ந்து சிவந்திருக்கும். அது கேண்டிடா என்ற ஈஸ்ட். மதியம் ஒரு மாற்றுச் சட்டை கொண்டுபோனால் பாதி குறையும்.

வயது 52, வெள்ளிப் பட்டறை வேலை. பத்து வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதமாக முன்தோல் நுனியில் வெடிப்பு, தயிர் போல வெள்ளைப் படிவு, சிறுநீர் கழித்தால் எரிச்சல். மனைவியைத் தவிர வேறு யாரோடும் தொடர்பில்லை. எப்படி வந்தது? – செவ்வாய்ப்பேட்டை வாசகர்

ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மொட்டிலும் முன்தோலிலும் வளர்ந்திருப்பது அதே கேண்டிடாதான் என்று உங்கள் விவரத்திலிருந்து தோன்றுகிறது. சர்க்கரை கூடியிருக்கும்போது சிறுநீரிலும் சர்க்கரை இறங்கும். முன்தோலுக்குள் தங்கும் ஒரு சொட்டு போதும், ஈஸ்டுக்கு அது பானகம்.

மூன்று மாதத்துக்கு முன் உங்கள் சர்க்கரை மாத்திரை மாறியதா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடியும் மாத்திரைகள் வேலை செய்யும் விதமே இரத்தச் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதுதான். இரத்தத்தில் அளவு நன்றாக இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை போய்க்கொண்டே இருக்கும். அதனால் இந்தப் புண் அந்த மாத்திரையில் எதிர்பார்க்கக்கூடிய பக்கவிளைவு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று கொடுத்திருக்கலாம். எழுதிக் கொடுத்தவரிடம் புண்ணைப் பற்றிச் சொல்லி, தொடர்வதா மாற்றுவதா என்று கேளுங்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் எடுத்துவிடுங்கள். சர்க்கரையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த வெடிப்புதான் முதல் அறிகுறியாக வருவதும் உண்டு.

தினசரி வேலை இது. சிறுநீர் கழித்தபின் முன்தோலை வலிக்காத அளவுக்குப் பின்னால் தள்ளி, ஒரு குவளை பச்சைத் தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. சோப்பு வேண்டாம், அது வெடிப்பில் பட்டால் இன்னும் வெடிக்கும். 1% குளோட்ரிமசோல் களிம்பை மொட்டிலும் முன்தோலின் உள்பக்கத்திலும் மெல்லியதாக, நாளுக்கு இருமுறை, 7 முதல் 14 நாள். பிறகு முன்தோலைக் கட்டாயம் முன்னால் கொண்டுவந்து விடுங்கள். பின்னாலேயே விட்டுவிட்டால் வீங்கி, கயிறு போட்டாற்போல் இறுகிக்கொள்ளும். அப்படிச் சிக்கிக்கொண்டால் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. மனைவிக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் அவருக்கும் மருந்து. இல்லையென்றால் தேவையில்லை.

இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் நேரில் காட்டியாக வேண்டும். வெள்ளை வெளேரென்று தோல் தடித்து, முன்தோல் வாய் சுருங்கிக்கொண்டே போனால் லைக்கன் ஸ்கிலீரோசஸ் என்ற வேறொரு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தே வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான்! மேலே அம்மாப்பேட்டைக்காரருக்கு எதிரியாக இருந்த அதே பொருள் இங்கே நண்பன். ஆறாத புண், கிளறினால் இரத்தம் கசியும் தடிப்பு என்றால் ஒரு சிட்டிகைத் தசையை எடுத்துப் பரிசோதிப்பார்கள். புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான் அது, மறுக்காதீர்கள்.

சர்க்கரைக்காரர்கள் எல்லாருக்கும் ஒன்று. விதைப்பையிலோ ஆசனவாய்ப் பக்கமோ பார்வைக்குச் சின்னப் புண்தான், ஆனால் வலி தாங்கவில்லை. வீக்கம் மணிக்கு மணி ஏறுகிறது, காய்ச்சல், தோல் கறுத்து நாற்றம் என்றால் அது தோல் டாக்டர் வேலை இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். தசை அழுகிப்போகும் அந்த நோய்க்கு உடனடி அறுவைச் சிகிச்சைதான் வழி. நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

எஸ்டேட் லைன் வீட்டில் ஆறு பேர். இரவானால் எனக்கு விதைப்பையில் அரிப்பு, அவரைக்கொட்டை அளவு கட்டிகள். பிள்ளைகளுக்கு விரலிடுக்கில் சொறி. பென்சைல் பென்சோயேட் தடவினேன், கவட்டை எரிந்துவிட்டது. – ஏற்காடு வாசகர்

இரவில் கூடும் அரிப்பு, வீட்டில் பலருக்கு, விதைப்பையிலும் உறுப்பிலும் அரிக்கும் முடிச்சுகள். இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிரங்கு. தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும் சின்னஞ்சிறு உண்ணி அது. குளிருக்கு ஒரே கம்பளியில் நாலு பேர் சுருண்டு படுக்கும் வீட்டில் சுலபமாகத் தொற்றும்.

உங்கள் மருந்து தவறில்லை. ஆனால் அது மெல்லிய தோலில் எரியும். பெர்மெத்ரின் 5% களிம்பு சாதுவானது. பெரியவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம். அரிக்கும் இடத்தில் மட்டும் போட்டால் வீண். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, தொப்புள், விரலிடுக்கு, நகத்தடி, உறுப்பு, பிட்ட இடுக்கு எதையும் விடாமல், ஆறின உலர்ந்த உடம்பில் தடவி 8 முதல் 12 மணி நேரம் வைத்துக் காலையில் குளியுங்கள். இடையில் கை கழுவினால் கைக்கு மறுபடி போட வேண்டும். ஆறு பேரும் ஒரே இரவில், அரிப்பு இல்லாதவர் உட்பட. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி மூன்று நாள் உடுத்தியது, விரித்தது எல்லாம் சுடுநீரில் போக வேண்டும். மழைக்கால ஏற்காட்டில் கம்பளியைத் துவைத்தால் எப்போது காயும் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. துவைக்க வேண்டாம். உரச் சாக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை மாதிரி கெட்டியான, சுத்தமான பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, ஒரு வாரம் ஓரமாக வைத்துவிடுங்கள். மனித உடம்பை விட்ட உண்ணி சமவெளியில் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். குளிரிலும் ஈரத்திலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் ஒரு வாரம்.

உண்ணி செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிக்கும். விதைப்பை முடிச்சுகள் மாதக்கணக்கில்கூட இருக்கும். செத்த உண்ணிக்கு உடம்பு காட்டும் கோபம் அது. போகவில்லையே என்று வாரா வாரம் பெர்மெத்ரின் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

வயிற்றுப்போக்குக்கு மாத்திரை போட்ட அன்று ராத்திரியே மொட்டில் நாலணா அளவு கறுஞ்சிவப்பு வட்டம், எரிச்சல், கொப்புளம். போன வருடமும் அதே இடத்தில் வந்தது. பால்வினை நோயா? – ஓமலூர் வாசகர்

"அதே இடத்தில்" என்று நீங்கள் எழுதிய ஒரு சொல்லே பதில். மாத்திரை ஒவ்வாமையில் ஒரு வகை, உள்ளே போன சில மணி நேரத்தில் குறித்த இடத்திலேயே வெடிக்கும். உதடும் மொட்டும் அதற்குப் பிடித்த இடங்கள். ஆறிய பின் கறுப்புத் தழும்பு நிற்கும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஆஃப்லாக்சசின்–ஆர்னிடசோல், கோட்ரைமாக்சசோல், வலி மாத்திரைகள், சில சமயம் பாராசிட்டமால்கூடக் காரணமாகும். அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். மாத்திரைக்குள் என்ன மருந்து என்று எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டு, இனி எந்த டாக்டரிடம் போனாலும் நீட்டுங்கள். கம்பெனிப் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம், அதில்தான் ஆட்கள் மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வட்டம் கூடிக்கொண்டே போகும்.

கொத்துக் கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளம், மாத்திரைக்குச் சம்பந்தமில்லாமல் வந்து போவது என்றால் ஹெர்பீஸ். அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

மொட்டின் விளிம்பில் வரிசையாக வெள்ளைப் பருக்கள். லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர் மேகநோய் என்று 18,000 ரூபாய் கேட்கிறார். வயது 21. – சேலம் வாசகர்

ஒரே அளவாக, ஒன்றிரண்டு வரிசையாக, அரிப்போ வலியோ இல்லாமல் இருந்தால் அது இயல்பான தோல் அமைப்பு. நிறைய ஆண்களுக்கு உண்டு, தொற்றாது, வைத்தியம் தேவையில்லை. ஒழுங்கில்லாமல், காலிஃபிளவர் போலப் பரவி வளர்ந்தால் மட்டும் காட்டுங்கள். பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

டெட்டால் விட்டுக் கழுவினால் சுத்தம்தானே? முடியை மழிக்கலாமா? – அஸ்தம்பட்டி வாசகர்

டெட்டால் தரைக்கு. இந்தத் தோலில் நீர்க்காமல் பட்டால் வெந்துவிடும், நீர்த்துப் போட்டாலும் நாள்பட எரிச்சல்தான். எலுமிச்சை, சுண்ணாம்பு, பூண்டு எல்லாவற்றுக்கும் இதே பதில். மழிப்பது கட்டாயமில்லை. மழித்தால் முளைக்கும் முடி உள்ளே சுருண்டு பரு வரும். கத்தரிக்கோலால் குட்டையாக்கினால் போதும்.

நாலு வயதுப் பையனுக்கு முன்தோல் பின்னால் போகவில்லை. தினமும் எண்ணெய் போட்டு இழுக்கச் சொல்கிறார்கள். – மேட்டூர் வாசகி

இழுக்காதீர்கள் அம்மா. அந்த வயதில் ஒட்டித்தான் இருக்கும், வளர வளரத் தானே விடும். பலருக்கு விடலைப் பருவம் வரைகூட ஆகும். பலவந்தமாக இழுத்தால் கிழிந்து, தழும்பாகி, நிஜமாகவே இறுகிவிடும். சிறுநீர் கழிக்க அழுதாலோ, நுனி சிவந்து சீழ் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

எந்த டாக்டரிடம் போவது, வரிசையில் நின்றுகொண்டு என்னவென்று சொல்வது? வெட்கமாக இருக்கிறது. – கொண்டலாம்பட்டி வாசகர்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளி சீட்டு எழுதுமிடத்தில் "தோல்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், விவரம் கேட்க மாட்டார்கள். பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் புண் வந்திருந்தால் பால்வினை நோய்ப் பிரிவு என்று கேளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியம். உள்ளே டாக்டரிடம் "கவட்டையில் அரிப்பு, இத்தனை நாளாக" என்று ஆரம்பியுங்கள், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். போகிற அன்று காலையில் களிம்போ பவுடரோ போட வேண்டாம், சுரண்டி எடுத்துப் பார்க்கச் செதில் வேண்டும். இதுவரை தடவிய ட்யூப், சாப்பிட்ட மாத்திரை அட்டை எல்லாவற்றையும், காலியாகிப்போனதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.